பார்சல் வேண்டாம்: தங்கசாலையிலிருந்து செகண்ட் லைன் பீச் வரை ஒரு மாலை

சென்னை சவுகார்பேட்டைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. விசாரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் கடையிலேயே பானிபூரியில் வயிற்றை நிரப்பியிருப்பார்கள்; மிச்சத்தையெல்லாம் பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் எட்டரை மணிக்குப் பிரித்திருப்பார்கள். இந்தப் பேட்டையின் பதார்த்தங்களுக்கு ஆயுள் நிமிடக் கணக்கு. முறுக்கு சாண்ட்விச்சுக்கு இரண்டு நிமிடம், ஜிலேபிக்கு ஐந்து, நெய் ஊத்தப்பத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த நடையைக் கட்ட வேண்டும்.

வழி எளிது. சென்ட்ரலில் மெட்ரோவோ மின்சார ரயிலோ இறங்கி, வால்டாக்ஸ் ரோட்டில் வடக்கே நடந்து, யானைக்கவுனி பக்கம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்குள் வலது கைப்பக்கம் திரும்பினால், சற்று தூரத்தில் தங்கசாலைத் தெரு குறுக்கே வரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலை இருந்த தெரு. பலர் வாயில் இன்றும் மிண்ட் ஸ்ட்ரீட்தான். அங்கே ஒன்றரை மணி நேரம். பிறகு போஸ் ரோட்டிலேயே கிழக்கே பூக்கடை தாண்டி பாரிமுனை. அங்கிருந்து செகண்ட் லைன் பீச் என்ற தெருவில், பர்மாவிலிருந்து வந்த தமிழர்களின் நூடுல்ஸ் கலவையான அத்தோ. முடித்ததும் பக்கத்திலேயே கடற்கரை ரயில் நிலையம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஆட்டோவில் உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். மாலையில் தள்ளுவண்டியும் மூட்டை தூக்குபவரும் டூவீலரும் ஒரே சந்தில் நிற்கும். நடப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார்.

ஐந்து மணிக்கு ஆரம்பிப்பது நல்லது. இங்கே ஜைனர்கள் நிறைய. அவர்களில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் சூரியன் மறைவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அதனால் ஐந்திலிருந்து ஆறரை வரை கார வகைகள் சுடச்சுட இறங்கிக்கொண்டே இருக்கும். சரக்கு வேகமாகப் போகிற நேரத்தில் பழசு தட்டில் விழாது. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும், தெருவே பாதி தூங்கும், சனிக்கிழமை நெரிசல். வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சந்துகளில் தண்ணீர் நிற்கும், அப்போது இந்த நடையைத் தள்ளிப்போடலாம். நாலு பேர் போனால் எதிலும் ஒரு ப்ளேட்டுக்கு மேல் வாங்காதீர்கள். இரண்டு பேர் என்றால் ஏதாவது ஒன்றை விட்டுவிட மனசு வர வேண்டும்.

முதலில் முறுக்கு சாண்ட்விச். தங்கசாலைத் தெருவில் ஏகாம்பரேஸ்வரர் கோயில் பக்கமும் அதைச் சுற்றிய சந்துகளிலும் சின்னச் சின்னக் கடைகளில் கிடைக்கும். பம்பாய் சாண்ட்விச்சில் ரொட்டியை எடுத்துவிட்டு நம்மூர் முறுக்கை வைத்தது மாதிரி. உள்ளங்கையில் பாதி அளவுள்ள வட்ட முறுக்கு ஒன்று அடியில். அதன் மேல் வெண்ணெய், பிறகு கொத்தமல்லி, புதினாப் பச்சைச் சட்னி, வெள்ளரி ஒரு வில்லை, தக்காளி ஒரு வில்லை, வெங்காயம், சாட் மசாலா, மேலே இன்னொரு முறுக்கு. கேட்டால் சீஸ் துருவிப் போடுவார்கள். சீஸைவிட வெண்ணெய்தான் இதில் முக்கியம். அது ருசிக்கு மட்டுமல்ல. சட்னியின் ஈரம் முறுக்கில் இறங்காமல் தடுக்கும் பூச்சு அதுதான். கடைக்காரர் வெண்ணெயைத் துளி வைத்துவிட்டு நகர்ந்தால், நாலாவது துண்டை எடுக்கும்போது அடி முறுக்கு சொதசொதவென்று கையில் பிரியும். ஒரு வாய்க்கு ஒன்று. கடித்துப் பாதி வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில். முன்கூட்டியே அடுக்கித் தட்டில் வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள்.

சேலத்துத் தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு இது சொந்தக்காரப் பையன் மாதிரி தெரியும். அங்கே தட்டுவடை, பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு நிறச் சட்னி. எது யாரைப் பார்த்து வந்தது என்று பஞ்சாயத்து பண்ண வேண்டாம், இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சறுக்குகிற இடம் சட்னி. ஒரு கட்டு கொத்தமல்லி, ஒரு கைப்பிடி புதினா, மூன்று பச்சை மிளகாயோடு ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து, தண்ணீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விட்டு அரையுங்கள். தோசைக்கு அரைக்கிற பதத்தில் ஓடினால் முறுக்கு போச்சு. வெள்ளரியையும் தக்காளியையும் நறுக்கியதும் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.

வெங்காயம், பூண்டு வேண்டாதவர்கள் "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவ் பாஜியில் உருளைக்கிழங்கு போய் வாழைக்காய் வரும், அது ஒன்றும் மட்டமில்லை. கடைக்காரர் இந்தியில் ஆரம்பிப்பார். நீங்கள் தமிழில் தொடர்ந்தால் அவரும் தமிழுக்கு வந்துவிடுவார்.

அடுத்தது காகடா ராம்பிரசாத் கடை. வாசலில் ஆலு டிக்கி (உருளைக்கிழங்கு வில்லை), உள்ளே நெய் ஜிலேபி, மாலையில் பாதாம் பால். இந்த மூன்றுக்கும் வரிசை உண்டு. டிக்கி, பிறகு பாதாம் பால், கடைசியில் ஜிலேபி. ஜிலேபிக்கு அப்புறம் பாலைக் குடித்தால் வெறும் மாட்டுப்பால் மாதிரி சப்பென்று இருக்கும். பாவம், அது பாலின் குற்றமில்லை.

ஜிலேபியை இன்னும் கொஞ்சம் கவனிக்கலாம். நம் ஜாங்கிரி உளுந்து. இது மைதா, புளித்த மாவு. அந்த மெல்லிய புளிப்பு நாக்கில் படவில்லை என்றால் மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று அர்த்தம். தட்டையான கடாயில் நெய் மிதமாகக் காய்ந்திருக்கும்போது பிழிய வேண்டும். அதிகம் காய்ந்தால் சுற்று கலைந்து ஓடும், நிறம் சட்டென்று ஏறி உள்ளே மாவு வேகாது. பொரிந்ததும் ஒரு கம்பிப் பதத்துப் பாகில், பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே முக்க வேண்டும். ஆறிய பாகு உள்ளே ஏறாது. முற்றிய பாகு மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். சோதிப்பது சுலபம். ஒரு வளையத்தை ஒடியுங்கள்: 'பட்'டென்று ஒடிந்து, குழாய் மாதிரி இருக்கும் உள்பக்கத்திலிருந்து பாகு கசிந்தால் சரியான ஜிலேபி. வளைந்து கொடுத்தால் அது இறங்கி நேரமாகிவிட்டது. எடை போட்டுத்தான் தருவார்கள். நூறு கிராம் இரண்டு பேருக்குப் போதும். அட்டைப் பெட்டியில் மூடினால் அதன் ஆவியே அதைத் தொய்ய வைத்துவிடும்.

பானிபூரியை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது எங்கும் கிடைக்கிறது. தண்ணீரோ வண்டிக்கு வண்டி ஆபத்து. ஆசை அடங்காதவர்கள், கேன் தண்ணீர் ஊற்றுவதைக் கண்ணால் பார்க்கிற கடையில், ஐஸ் போடாமல் வாங்குங்கள். தயிர் சேரும் சாட் வகைகளுக்கும் இதே எச்சரிக்கை. வெயில் நாளில் மாலைத் தயிர் புளித்திருக்கும், அந்தப் புளிப்பை மறைக்க இனிப்புச் சட்னியைக் கொட்டுவார்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் காக்ரா வாங்கலாம். தோசைக்கல்லில் அழுத்தி அழுத்திச் சுட்ட கோதுமை அப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீரா, மேத்தி, மசாலா என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பாக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்பக்கம் எண்ணெய் தடம் படர்ந்திருந்தால் பழசு. ஆடி, ஆவணி வாக்கில் வந்தால் தீஜ் பண்டிகையை ஒட்டி தேன்கூடு மாதிரி துளைதுளையாகப் பொரித்த கேவர் என்ற இனிப்பு கிடைக்கும். பாகு ஊற்றாததைக் கேட்டு வாங்குங்கள், பயணம் தாங்கும்.

ஆறரை மணி வாக்கில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்குத் திரும்புங்கள். சீனா பாய் டிபன் சென்டர் மாலையில்தான் கல்லைச் சூடாக்கும். இட்லி, ஊத்தப்பம், இரண்டே சமாச்சாரம். இரண்டுக்கும் நெய், பொடி. பெரிய கல்லில் இட்லியைப் பரப்பி நெய்யை ஊற்றிப் பொடியைத் தூவிப் புரட்டுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஊத்தப்பம். மேலே பொடி நெய்யில் ஊறிச் சிவந்திருக்கும், உள்ளே பஞ்சு. மொறுமொறுப்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. சூடு தணிந்தால் நெய் இறுகி மேலண்ணத்தில் ஒட்டும். அதனால் போட்டோ எடுப்பதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காலித் தட்டும் அழகுதான். ஒரு ப்ளேட் என்ற கணக்கை இங்கே மீறினால் அத்தோவுக்கு வயிற்றில் இடமிருக்காது.

இனி இருபது நிமிட நடை. பூக்கடைப் பக்கம் கதம்ப வாசனையும் பஸ் புகையும் கலந்து அடிக்கும். நெய் இறங்க இந்த நடை அவசியம்.

1962-இல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் வந்ததுதான் பர்மா பஜார். ரேடியோவும் சென்ட்டும் விற்ற அந்தக் கடைகளுக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச்சில், அவர்களோடு வந்த சாப்பாடு இன்னும் தள்ளுவண்டியில் இருக்கிறது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் கலந்தது, சாலட் மாதிரி. அதுதான் நம் வாயில் அத்தோ.

கலக்குகிற கையைப் பாருங்கள். அவித்து எண்ணெய் தடவிய தடித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி. நீளமாகச் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு. பிறகு பொட்டுக்கடலை மாவு, அதன் மேல் புளித்தண்ணீர். இந்த மாவை வெறும் ருசிக்காகப் போடுகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. புளித்தண்ணீரைக் குடித்து, எண்ணெய் பிசுபிசுக்கும் நூடுல்ஸின் மேல் ஒட்ட வைப்பது அதுதான். மாவு இல்லாவிட்டால் புளியும் காரமும் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும். கடைசியாக பேஜோவை நொறுக்கிப் போட்டு, கொத்தமல்லி, எலுமிச்சை. பேஜோ என்பது தட்டை மாதிரி பொரித்த வில்லை. 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. அது முன்னாலேயே விழுந்தால் ஊறிப்போகும். முட்டைகோஸும் அப்படியே: உப்பு பட்டு ஐந்து நிமிடம் ஆனால் தண்ணீர் விடும். ஒரே நேரத்தில் பத்து ப்ளேட்டுக்குக் கலந்து வைக்கிற வண்டியில் அந்தக் கறுக்மொறுக் இருக்காது, தட்டுக்குத் தட்டு கலக்குகிற வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். காரம் குறைக்க வேண்டுமென்றால் அவர் கலக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கல்லில் போட்டு வதக்கித் தரும் 'ப்ரை'யும் உண்டு. அது நல்ல நூடுல்ஸ், ஆனால் அத்தோ இல்லை.

கூடவே சின்னக் கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். பர்மாவில் மொய்ங்கா என்பது மீன் போட்டுக் காய்ச்சுகிற குழம்பு. இங்கே அதை வண்டிக்காரர்கள் சைவமாக்கிக்கொண்டார்கள். மாவு கரைத்துக் கெட்டியாக்கியது, பூண்டும் மிளகும் தூக்கலாக இருக்கும். முதல் கிண்ணம் மேலாக மொண்டு தெளிவாக வரும். இரண்டாவது கேட்கும்போது "அடியில கலக்கி ஊத்துங்கண்ணே" என்றால் தண்டுத் துண்டுகள் வரும். ராத்திரி ஆக ஆக சூப் வற்றி உப்பேறும், எட்டு மணிக்குள் குடித்துவிடுவது நல்லது. முட்டை மசாலா ஒன்று: அவித்த முட்டையைப் பாதி வரை கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளி, மிளகாய்த் தூள் அடைத்துக் கையில் தருவார்கள். நின்றுகொண்டே முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மஞ்சள் கருவின் வறட்சியை அந்த எண்ணெய்தான் சரிக்கட்டும்.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் இருந்தால் இந்த மாலை முழுக்கத் தாராளம். கிளம்பும்போது நொறுக்காத பேஜோ இரண்டு மூன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மறுநாள் ரசம் சாதத்துக்கு ஆகும். ரோட்டைத் தாண்டினால் கடற்கரை ஸ்டேஷன். தாம்பரம் வண்டி இங்கிருந்துதான் கிளம்புகிறது, உட்கார இடம் கிடைக்கும். பூண்டு வாடையோடு பக்கத்தில் உட்காருகிறவர்தான் பாவம்.