மூட்டுத் தேய்மானமும் டபரா அளவுச் சோறும்

முழங்கால் தேய்ந்தவர்களுக்குத் தெரியும், படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடிப்படி ஏணிக்குத் தம்பி. 56 வயதில், 84 கிலோ எடையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஜவ்வு தேய்ந்துவிட்டது. ஊசி போடலாம், இல்லாவிட்டால் மூட்டையே மாற்றிவிடலாம்" என்று சொல்லி, கையோடு செலவுக் கணக்கையும் நீட்டினார்கள். எடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு மருமகள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உடல் பாரம் காலில் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சரியாகத் தெரியுமாம். தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள், 4 என்றால் மிக மோசம்; என்னுடையது 2. "ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ வரை குறையும் அம்மா. முதலில் பத்து சதவீதம் இறக்கப் பாருங்கள்" என்றார் டாக்டர். தேய்ந்த ஜவ்வு மறுபடி வளருமா என்று கேட்டேன். வளராது, மேலும் தேயும் வேகத்தைத்தான் குறைக்க முடியும் என்றார். ஒளிவுமறைவு இல்லாத அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

வலிக்கிறதே என்று காலை நீட்டிப் படுத்துவிடவும் கூடாதாம். ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விரிந்து, மூட்டு நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது.

என் வீட்டுக்காரர் தினமும் ராபின்சன் பூங்காவில் நடந்தாலே போதும் என்று அடித்துச் சொன்னார். நடந்தேன். கால் கொஞ்சம் இலகுவானது, எடை மட்டும் அசையவில்லை. அமெரிக்காவில் பருமனானவர்களின் முழங்கால்களை எட்டு ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை மகன் படித்துக் காட்டினான். உணவைக் குறைத்தோ, உணவோடு உடற்பயிற்சியும் சேர்த்தோ எடை இறக்கியவர்களுக்குக் குருத்தெலும்பு மெதுவாகத் தேய்ந்திருக்கிறது. வெறும் உடற்பயிற்சியால் இறக்கியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. வீட்டுக்காரர் அதன்பிறகு பேசவில்லை.

ஆக, அடுப்பங்கரைதான். தட்டில் குவித்துச் சாப்பிட்டுப் பழகிய கை. கண்ணளவை நம்ப முடியாது. காபி டபராவை எடுத்து அதில் சோற்றை அளந்தேன். மதியம் தலைதட்டி ஒரு டபரா, அதற்குமேல் பானையைத் தொடுவதில்லை. மீதி இடத்தைக் கீரையும் பொரியலும் நிரப்பின. இரவில் சோறே இல்லை. சுண்டலோ இரண்டு முட்டையோதான். காசிமேட்டு மீனை மட்டும் விடவில்லை. தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும் என்று டாக்டரே சொன்னதால், வறுவலை நிறுத்திவிட்டு நெத்திலியைக் குழம்பில் போட்டேன். வஞ்சிர வறுவல் வாசனை எதிர் வீட்டிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி எளிது. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். சீரியல் பார்த்தபடியே செய்யலாம். தொடைத் தசை உரமானால் மூட்டின் சுமையை அது வாங்கிக்கொள்ளும்.

78-க்கு வந்ததும் முள் அங்கேயே நின்றுவிட்டது. மாலை டீயில் சர்க்கரையையும் கூடவே வரும் பஜ்ஜியையும் நிறுத்திய பிறகுதான் நகர்ந்தது. அதற்குள் தெருவில் விசாரணை தொடங்கிவிட்டது: "என்ன அக்கா, முகம் வாடிவிட்டதே, சர்க்கரை வந்துவிட்டதா?" இளைத்தவளுக்கு நோய் என்றுதான் நம் ஊர் நினைக்கும்.

ஒரு வருடம் தாண்டி இப்போது 75. தினமும் விழுங்கிய வலி மாத்திரை எப்போதாவது என்றாகிவிட்டது. தரையில் சம்மணமிட இன்னும் முடியாது. கல்யாண வீடுகளில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். என் பெரியம்மா மகளுக்கு இரண்டு காலும் 4-ஆம் தரம், இரவில் தூக்கமே கிடையாது. அவள் மூட்டு மாற்றிக்கொண்டாள், அவளுக்கு அதுதான் சரி. 2-இல் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எடையைப் பற்றி டாக்டரிடம் தாங்களே கேட்டுவிடுங்கள்.