ஐந்து கட்டையிலிருந்து ஆல்டோ வரிசைக்கு

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்காக வங்கிக் கணக்கு, வாடகை வீடு, சிம் கார்டு என்று எழுதித் தள்ள நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது இங்கே ஒரு அகாப்பெல்லா குழுவில் சேர்ந்து பாடியதைப் பற்றி. ஊரில் பத்துப் பன்னிரண்டு வருடம் பாட்டு கிளாஸ் போய்விட்டு, இங்கே வந்து ஹாஸ்டல் பாத்ரூமில் மட்டும் பாடிக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவலாம்.

அகாப்பெல்லா என்றால் வாத்தியமே கிடையாது. தாளம், பேஸ் (அடியில் ஒலிக்கும் கனமான சுரங்கள்), பின்னணி எல்லாம் தொண்டைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் இது பழைய பழக்கம். யேல் பல்கலையின் விஃபென்பூஃப்ஸ் குழு 1909-இல் தொடங்கியது. அதில் இந்தியப் பாட்டைக் கொண்டுவந்து கலந்தது பென்சில்வேனியா பல்கலை மாணவர்களின் பென் மசாலா, 1996-இல். வெள்ளை மாளிகையில் ஒபாமா முன்னால் தீபாவளிக்குப் பாடியவர்கள் இவர்கள்தான். அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் ராகாபெல்லா, மிச்சிகனில் மெய்ஸ் மிர்ச்சி, இல்லினாயில் சாய் டவுன், கேஸ் வெஸ்டர்னில் தமாகாபெல்லா என்று வரிசையாக வந்துவிட்டன. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பெரும்பாலும் இந்திதான். நான் சேர்ந்த குழு மிட்வெஸ்டில் ஒரு பல்கலையில் இருக்கிறது; இந்தப் பட்டியலில் இல்லாதது. அதிலும் நிலைமை அதேதான், தமிழ்ப் பாட்டு என்றால் யாராவது வேண்டி விரும்பிக் கேட்டால் உண்டு.

ஆடிஷன் செப்டம்பர் தொடக்கத்தில், செமஸ்டர் ஆரம்பித்த சூட்டோடு நடக்கும். ஒரு இந்தியப் பாட்டு, ஒரு ஆங்கிலப் பாட்டு, இரண்டிலும் ஒரு பல்லவி ஒரு சரணம் அளவுக்குப் பாட வேண்டும். அது முடிந்ததும் கீபோர்டில் சுரங்களை ஏற்றி இறக்கி, குரல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு நாலைந்து சுரங்களை வாசித்துக் காட்டி, அப்படியே திருப்பிப் பாடச் சொல்வார்கள். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இந்தக் கடைசிச் சோதனை ஒன்றுமே இல்லை, டீச்சர் பாடப் பாடத் திருப்பிப் பாடித்தானே வளர்ந்தோம். மேற்கத்திய நொட்டேஷன் தெரியாதே என்று பயந்து வராமல் இருந்துவிடாதீர்கள், யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது குரல் பிரிப்பு. என் சுருதி (பாட்டின் ஆதார 'ச' நிற்கும் உயரம்) ஐந்து கட்டை, அதாவது அவர்கள் கணக்கில் ஜி. ஊரில் பெண் குரலுக்கு இது சாதாரணம். இங்கே பெண் குரல் என்றால் மேல் ஸ்தாயியில் மெல்லிசாகப் பாடும் சோப்ரானோ ஞாபகம்தான் முதலில் வரும். நான் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் 'ப') வரை இறங்குவதைக் கேட்ட மியூசிக் டைரக்டர் (இளங்கலை மூன்றாம் வருடம், என்னைவிடச் சின்னவன்) கண்ணை விரித்து, "ஆல்டோ, தேவைப்பட்டால் டெனர்" என்று எழுதிக்கொண்டான். ஆல்டோ என்பது பெண்களின் கீழ்க் குரல் வரிசை, டெனர் ஆண்களின் மேல் குரல் வரிசை. நம் முறையில் பாடிய பெண்கள் பெரும்பாலும் ஆல்டோவில்தான் போய் உட்காருவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அரேஞ்ச்மென்ட்டின் (எந்த வரிசை எந்தச் சுரம் பாடுவது என்ற அமைப்பின்) சுவாரஸ்யமான சுரங்கள் பல அங்கேதான் இருக்கின்றன.

கால்பேக் என்ற இரண்டாம் சுற்றில்தான் உண்மையான சோதனை. குழுவோடு நின்று ஒரு பாட்டின் பின்னணிப் பகுதியைப் பாட வேண்டும். அவர்கள் கேட்பது நம் குரல் நன்றாக இருக்கிறதா என்பதை அல்ல, பக்கத்தில் நிற்பவர் குரலுக்குள் போய் மறைகிறதா என்பதை. தனியாக நின்று தம்புராவோடு பாடிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம். சுரத்தைப் பிடித்ததுமே லேசாக ஆட்டத் தோன்றும். "ஆட்டாதீங்க அக்கா, நேரா நில்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் பக்கத்தில் நின்ற தெலுங்குப் பெண். ஆட்டாமல் ஒரு சுரத்தை நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) பிடித்து நிற்பது எவ்வளவு வேலை என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். காலையில் 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகாரம் சாதகம் செய்த பழக்கம் இருந்ததால் தப்பித்தேன்.

சேர்ந்தாயிற்று. இனி அரேஞ்ச்மென்ட்.

வழக்கமாகச் செய்வது இதுதான்: ஆங்கிலப் பாட்டின் சரணத்தை எடுத்து, ஒரே டெம்போவில் இருக்கிற இந்திப் பாட்டின் பல்லவியை அதன் பின்னால் ஒட்டிவிடுவார்கள். கைதட்டல் வரும். ஆனால் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. நான் கீரவாணி ராகத்தில் அமைந்த ஒரு தமிழ்த் திரைப்பாட்டைக் கொண்டுபோனேன். கீரவாணியும் மேற்கத்திய ஹார்மோனிக் மைனர் ஸ்கேலும் ஒரே சுரங்கள் என்பதால் ஒரு மைனர் ஆங்கிலப் பாட்டோடு தானாக ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒட்டவில்லை. காரணம் நிஷாதம், அதாவது 'நி'. இப்போதைய ஆங்கில பாப் பாட்டுகளில் மைனர் என்றால் பெரும்பாலும் நடபைரவி ராகத்தின் சுரங்கள், அதாவது கைசிகி நிஷாதம். கீரவாணியில் இருப்பது அதைவிட அரைச்சுரம் மேலே உள்ள காகலி நிஷாதம். ஆங்கிலப் பாட்டின் நாலு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) இரண்டில் அந்தக் கைசிகி உட்கார்ந்திருந்தது. கார்டுகளை மாற்றிப் பார்த்தோம், ஆங்கிலப் பாட்டின் முகமே மாறிவிட்டது.

கடைசியில் மாற்றாமல் விடுவது என்று முடிவானது. ஆங்கிலப் பகுதி முழுக்க நடபைரவியிலேயே போகும். அது முடியும் இடத்தில் பேஸ் பஞ்சமத்தில் வந்து நிற்கும், டெனர் ரிஷபத்தில், ஆல்டோ வரிசை கைசிகி நிஷாதத்தில். இரண்டு எண்ணிக்கை அப்படியே நின்று, ஆல்டோ மட்டும் அரைச்சுரம் மேலே ஏறும். மைனர் கார்டு மேஜராகத் திறக்கும், அதே மூச்சில் தமிழ்ப் பல்லவி வந்து விழும். மொத்த அரேஞ்ச்மென்ட்டிலும் எனக்குப் பிடித்தது அந்த அரைச்சுரம்தான். சோலோ வரியில் இருப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள், வேலை நடப்பது ஆல்டோவில்.

அந்த இடத்தைச் சுருதியில் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பியானோவில் ஒரு மேஜர் கார்டின் நடுச்சுரம் இயற்கையாக அமைவதைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதலாக இருக்கும், கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. பியானோ படித்த பையன்கள் அந்தக் காகலியை உயரமாகவே கேட்டுப் பழகியவர்கள். போதாததற்கு, மேல் ஷட்ஜத்துக்குப் போகிற சுரம் என்றால் இன்னும் கொஞ்சம் தூக்குவார்கள். தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் தானாகவே ஒரு அந்தர காந்தாரம் (மேஜர் 'க') கேட்குமே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடைவெளி எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதன் காந்தாரத்தைப் பாடுங்கள் என்று ஆல்டோ வரிசைக்குச் சொன்னேன். போனில் தம்புரா ஆப்பைப் பஞ்சமத்தில் ஓடவிட்டுப் பாடிப் பார்த்தோம். சரியாக உட்கார்ந்தபோது அறையில் இன்னொரு ஆள் பாடுவது போல் ஒரு மேல் ஸ்வரம் கேட்டது, எல்லோரும் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த சண்டை கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. சோலோ பாடுகிறவர் காந்தாரத்தை அசைக்கும்போது, பின்னால் ஆறு பேர் அதே காந்தாரத்தை நேராகப் பிடித்தால் இரண்டும் மோதும். கமகத்தை எடுத்துவிடலாம் என்றான் மியூசிக் டைரக்டர். ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். "எடுத்துட்டா அப்புறம் என்னடி மிச்சம்?" என்றாள். நியாயம்தான். நாங்கள் கண்டுபிடித்த வழி, பல்லவி முதல் முறை வரும்போது பின்னணியில் காந்தாரமே கிடையாது, ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், வாயை மூடி 'ம்' என்று. இரண்டாம் முறை முழுக் கார்டு வரும், ஆனால் பாட்டு கமகமாக அசையும் இடங்களில் மட்டும் காந்தாரம் பாடுகிற வரிசை மூச்சு எடுக்கும். இதையெல்லாம் மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளில் எழுதி, ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ஆடியோவாக அனுப்பினால் அவரவர் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

கட்டை விஷயத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பகுதி பாடிய பெண்ணுக்கும் பேஸ் பையனுக்கும் பொதுவாக அமைந்தது ஆறு கட்டை. எனக்கு அது ஒரு சுரம் கூடுதல். நம்மிடம் பாடகருக்குத்தான் சுருதி, இங்கே குழுவுக்கு. மேல் பஞ்சமம் தொடும் வரியை ஒரு சோப்ரானோவுக்குக் கொடுத்துவிட்டேன், நன்றாகவே பாடினாள்.

உச்சரிப்பைப் பற்றி எல்லோரும் ழகரத்துக்குத்தான் கவலைப்படுவார்கள். ழ சீக்கிரம் வந்துவிடுகிறது. வராதது சொல்லின் கடைசியில் வரும் உகரம். 'அது', 'கேட்டு' என்பதையெல்லாம் உதட்டைக் குவித்து ஊ என்று நீட்டிவிடுவார்கள். பதினைந்து பேர் சேர்ந்து குவித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உதட்டைக் குவிக்காமல் பல் தெரியப் பாடச் சொன்னதும் பாதி சரியானது.

தாளம் எளிது. பீட்பாக்ஸ் செய்கிற, அதாவது வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்கு 'தகிட தகதிமி' என்று மிஸ்ர சாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையைச் சொல்லிக் கொடுத்தேன், ஒரே மாலையில் பிடித்துக்கொண்டு 'த' வரும் இடமெல்லாம் கிக், 'கி' எல்லாம் ஹை-ஹாட் என்று தானாகவே மாற்றிவிட்டான். இடையில் எட்டு ஆவர்த்தனம் அவனுக்கே கொடுத்துவிட்டோம்.

போட்டிகள் வசந்த செமஸ்டரில். பல பல்கலைகள் தங்கள் ஊரில் நடத்தும், நன்றாகச் செய்த குழுக்களுக்கு ஆல் அமெரிக்கன் ஆவாஸ் என்ற இறுதிப் போட்டிக்கு அழைப்பு வரும். பிப்ரவரியில் மிட்வெஸ்டில் ஹீட்டர் காற்று தொண்டையைக் காயவைத்துவிடும், வெந்நீர் பிளாஸ்க் இல்லாமல் வெளியே போகாதீர்கள். இன்னொரு பிரச்சினை, பத்து நிமிடம் வாத்தியமே இல்லாமல் பாடினால் குழு மெல்ல இறங்கும். கடைசி கார்டு முடிந்ததும் பிட்ச் பைப்பை (சுருதி காட்டும் சின்ன ஊதுகுழல்) ஊதினால் அரைச்சுரம் கீழே இருப்போம். கீழே இறங்கும் வரிகளில்தான் இது நடக்கிறது என்று ரெக்கார்டிங்கில் தெரிந்தது. அவரோகணத்தில் ஒவ்வொரு படியையும் சின்னதாக வைக்கச் சொல்லிச் சொல்லி ஒருவழியாகக் குறைத்தோம்.

எங்களுக்குப் பரிசு எதுவும் வரவில்லை. நடுவர்களில் ஒருவர் அந்த ஷட்ஜ பஞ்சம இடம்தான் மொத்த நிகழ்ச்சியிலேயே சிறந்தது என்று எழுதியிருந்தார், இன்னொருவர் அதே இடத்தைப் பின்னணி மெலிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். இரண்டு தாளையும் பயிற்சி அறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடத்துக்குச் சாருகேசி ராகத்தில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பூர்வாங்கம் (ச ரி க ம) மேஜர், உத்தராங்கம் (ப த நி ச) மைனர், எந்தக் கார்டை வைத்தாலும் ஏதோ ஒரு பக்கம் இடிக்கிறது. பேஸ் பையன் இப்போதே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான்.