பந்தே ஸ்ரேயில் ஒரு காரைக்கால் தரிசனம்

கம்போடியா போகிறோம் என்றதும் எல்லோரும் அங்கோர் வாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். பார்த்தோம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். அகழியே ஏரி மாதிரி கிடக்கிறது. மேற்கு வாசலில் எட்டுக் கை விஷ்ணுவுக்குத் துணி சாத்தி, ஊதுவத்தி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் மக்களுக்கு அவர் தா ரீச். பெயர் என்னவானால் என்ன என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் அம்மாவை நான் அத்தனை தூரம் கூட்டிப்போனது வேறொருவரைக் காட்ட.

மறுநாள் விடிந்ததும் சியம் ரீப்பிலிருந்து துக்-துக் பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வயல், வரப்பு, வரப்போரம் பனை. "நம்ம ஊர்ப் பக்கம் மாதிரியே இருக்குடா" என்று அம்மா நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

பந்தே ஸ்ரே சின்னக் கோயில். செம்மை படர்ந்த மணற்கல்லில், சந்தனக்கட்டையில் செதுக்கியதுபோல வேலைப்பாடு. கட்டியது அரசன் இல்லை, யக்ஞவராகர் என்ற ராஜகுரு. 967இல் திரிபுவன மகேஸ்வரரை இங்கே எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 43 வருஷம் மூத்தது! கருவறை வாசல் நெஞ்சளவு உயரம்கூட இல்லை. கிட்டே போக விடாமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். பூசை இல்லை, மணி இல்லை, ஒரு விளக்குகூட இல்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. கைப்பையில் கற்பூரம் வேறு வைத்திருந்தாள்.

ராவணன் கயிலாயத்தைத் தூக்கும் சிற்பத்தைக் காட்டினேன். மலை படிப்படியாக ஏறுகிறது, மிருகங்கள் மிரண்டு ஓடுகின்றன, பார்வதி பயந்துபோய் சிவனை ஒட்டிக்கொள்கிறாள். அம்மா கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் கிழக்கு வாசல் முகப்புக்கு வந்து, "மேலே பாரும்மா" என்றேன்.

பல கைகள் விரித்து ஆடுகிறார் சிவன். கீழே ஓரத்தில் வற்றிய உடலோடு ஒரு பெண் உருவம். காரைக்கால் அம்மையார் என்றுதான் அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நான் அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மாங்கனிக் கதையை எனக்குச் சொல்லித் தந்தவளே அம்மாதானே. அழகே வேண்டாம், பேயுரு கொடு என்று கேட்டு வாங்கி, கயிலாய மலையில் கால் படக்கூடாதென்று தலையால் நடந்துபோனவர். திருவாலங்காட்டு ஆட்டத்தின் கீழே இருக்க இடம் கேட்டவருக்குக் கடல் தாண்டியும் அதே இடத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்தே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இங்கேயும் உட்கார்ந்துதான் இருக்காடா."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நம் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். எத்தனை வருஷம் அந்தப் பிரகாரத்தைச் சுற்றியிருக்கிறேன்! இந்தச் சிற்பத்தைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டுப் போன எனக்கு அது தோன்றவில்லை.

கற்பூரம் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. திரும்பும் வழியில் சாலையோரம் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓலையில் பொதிந்த பனைவெல்லம், வட்ட வட்டமாக. ஐந்து கட்டு வாங்கினாள். ஊருக்கு வந்து தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்தாள், அம்மையார் கோயில் பிரசாதம் என்று சொல்லி.