கேள்வியும் பதிலும் ஒரே கணினியில்

ராணுவத்தின் சட்டப் பிரிவில், அதாவது ஜேக் கிளையில், வேலை பார்த்தேன் என்று சொன்னால் எல்லோரும் கோர்ட் மார்ஷலைப் பற்றித்தான் கேட்பார்கள். அது எப்போதாவது வரும். என் மேசையில் நாள் தவறாமல் வந்து விழுந்தவை வேறு. லீவு முடிந்தும் திரும்பாதவர், ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர், வேலையை மதிப்பிடும் ரகசிய அறிக்கையில் மதிப்பெண் குறைந்ததாகப் புகார் கொடுத்தவர். அப்புறம், 'இந்த ஆளை வீட்டுக்கு அனுப்பலாமா?' என்று கேட்டு வரும் கோப்புகள்.

அந்தக் கடைசி வகையில் ஒன்றை நான் சரியாகப் படிக்கவில்லை.

வேலைக்கு வந்த புதிது. ஒரு சிப்பாயின் பெயரில் நான்கு ரெட் இங்க் என்ட்ரிகள். சி.ஓ., அதாவது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர், கொடுக்கும் தண்டனை சிறை, டிடென்ஷன் (காவலில் அடைத்து வைப்பது) என்று கடுமையாக இருந்தால் அது சிவப்பு மையில் பதிவாகும். நான்கு சேர்ந்தால் ஆளைக் கழித்துவிடலாம் என்பது யூனிட்டுகளில் ஊறிப்போன கணக்கு. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13-ஆவது விதிப்படி, இந்த மாதிரி டிஸ்சார்ஜுக்கு உத்தரவிட வேண்டியவர் பிரிகேட் கமாண்டர். அதற்கு முன் சிப்பாய்க்கு, ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் இருந்தது. பதில் இருந்தது. தேதி, கையெழுத்து எல்லாம் சரி. 'சட்டப்படி ஆட்சேபம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிட வேலை.

சில மாதங்கள் கழித்து அவர் மனுப் போட்டார், கோப்பு திரும்பி வந்தது. அப்போதுதான் நோட்டீஸையும் பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஃபாண்ட். 'டிசிப்ளின்' என்ற ஆங்கிலச் சொல்லில் எஸ்-ஸை அடுத்து வர வேண்டிய சி இரண்டிலும் இல்லை. நோட்டீஸை அடித்த ஹெட் கிளார்க்தான் பதிலையும் அடித்துக் கொடுத்திருக்கிறார்! மூன்றே வரி: தவறை ஒப்புக்கொள்கிறேன், இனி நடக்காது, கருணை காட்டுங்கள். அதில் அந்தச் சிப்பாயுடையது கையெழுத்து மட்டும்தான்.

ஹெட் கிளார்க்கைக் குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷில் எழுதத் தெரியாத ஒருவர் வந்து நின்றால் அவர் வேறென்ன செய்வார்? உதவியாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் நான் வக்கீல். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கில் மூன்று என்ட்ரிகள் லீவு தாண்டித் தங்கியதற்கு. மூன்றும் வெவ்வேறு வருடங்களில், ஏறக்குறைய அதே மாதத்தில். ஏன் என்று கோப்பில் எங்குமே யாரும் கேட்கவில்லை. பென்ஷனுக்குப் பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும். அவருக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம், நான்கு என்ட்ரி இருப்பதாலேயே ஒருவரை நீக்க முடியாது, முதலில் விசாரிக்க வேண்டும் என்று சொன்னது. கிளையில் பலர் ஏதோ புதுச் சட்டம் வந்துவிட்டதைப் போலப் பேசினார்கள். நீதிமன்றம் எடுத்துக் காட்டியதோ ராணுவத் தலைமையகத்தின் 1988 டிசம்பர் கடிதத்தை. தவறு எப்படிப்பட்டது, எத்தனை வருட சர்வீஸ், எந்தக் கஷ்டமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கச் சொல்லி அதிலேயே எழுதியிருந்தது. அந்தக் கடிதம் என் அலமாரியிலும் இருந்தது.

காகிதம் ஒழுங்காக இருந்தால் நியாயமும் இருக்கும் என்று நம்புவது எங்கள் தொழிலில் சுலபமாக வரும் வியாதி. ரஞ்சித் தாக்கூர் வழக்கை எல்லோரும் படித்திருப்போம். சி.ஓ. மீது மேலிடத்துக்குப் புகார் அனுப்பிய சிக்னல்மேன் அவர். அதற்காகத் தண்டனையில் இருந்தபோது, சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது சுருக்கமான ராணுவ நீதிமன்ற விசாரணை. அதில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர் அதே சி.ஓ. ஒரு வருடச் சிறை, பணிநீக்கம். 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கோப்பும் ஒவ்வொரு மேசையாகத் தாண்டித்தான் போயிருக்கும்.

சி.ஓ.க்களும் கொடுமைக்காரர்கள் அல்ல. ஒருவர் திரும்பி வராவிட்டால் அவருடைய காவலை இன்னொருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எரிச்சல் அவர்களுக்குத்தான் தெரியும். "சட்டம் விடுகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். நாங்கள் சொல்வதும் ஆலோசனைதான், கமாண்டர் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அந்த மனுவில் என் பழைய குறிப்பு தவறு என்று நானே எழுதினேன். முடிவு தெரிவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

புது இடத்தில் இதே மாதிரிக் கோப்பு வந்தபோது, பதிலை அவர் கைப்பட, அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இந்தியில் ஏழு பக்கம் வந்தது, பென்சிலில். சி.ஓ. போனில் கூப்பிட்டார்.

"மேஜர், இதை யார் மொழிபெயர்ப்பது?"

"நானே செய்கிறேன், சார்."