ஈறு சிகிச்சையில் உருப்பெருக்கி: ஒரு பல் மருத்துவரின் நாட்குறிப்பு

ஜூன் 3

ஈறு சிகிச்சைகள் அனைத்தையும் இனி 2.5 மடங்கு பெரிதாக்கும் லூப் (மூக்குக்கண்ணாடிபோல் அணியும் உருப்பெருக்கி) அணிந்தே செய்வதென்று முடிவெடுத்து, இன்று தொடங்கினேன். ஈற்றோரம் கெட்டியாகப் படிந்த அழுக்கான பற்காரையின் மெல்லிய விளிம்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் உடம்பு முதலில் உணர்ந்த மாற்றம் வேறு: லென்ஸ் குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே தெளிவாகக் காட்டுவதால், பழக்கத்தில் நோயாளியின் வாயை நோக்கிக் குனிந்தால் காட்சி கலங்கிவிடுகிறது, முதுகு நிமிர்ந்துதான் ஆக வேண்டும். லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும் கோணம் அவரவர் உட்காரும் முறைக்குப் பொருந்தாவிட்டால், இதே லூப் கழுத்து வலியையும் கொடுத்துவிடும். அளவெடுத்துப் பொருத்துவதில் அவசரம் கூடாது.

ஜூன் 6

லூப்பின் நடுவில் சிறு விளக்கைப் பொருத்திக்கொண்டேன். பார்வை செல்லும் திசையிலேயே ஒளியும் விழுவதால், கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறத்திலும் நிழல் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஜூன் 12

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் ஈற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தேன். இரண்டு வேர்கள் பிரியும் இடத்தைக் க்யூரெட் என்னும் சுரண்டு கருவியால் சுரண்டி, உப்புநீரால் கழுவியபின், வெறும் கண்ணுக்கு வேர் சுத்தமாகவே தெரிந்தது. கருவியின் முனைக்கும் வழவழப்பாகவே பட்டது. 4 மடங்கு லூப்பில் பார்த்தபோதோ, பிரிவின் மேற்கூரையில் பழுப்பு நிறப் பற்காரைத் தகடு ஒன்று, தேய்ந்து மெருகேறி, வேரோடு வேராக ஒட்டிக் கிடந்தது. முதல் கடைவாய்ப்பற்களை அளந்து பவர் என்பவர் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய வேர்ப்பிரிவுகளின் வாயில்களில் பாதிக்கு மேல் 0.75 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். வழக்கமான க்யூரெட்டின் அலகே அதைவிட அகலமாக இருக்கும்போது உள்ளே எப்படி நுழையும்? மீயொலி அதிர்வால் இயங்கும் மெல்லிய அல்ட்ராசோனிக் முனைக்கு மாறி, தகட்டைப் பார்த்துப் பார்த்தே உதிர்த்தேன்.

ஜூன் 13

நேற்றைய அனுபவத்தை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. ஈற்றைத் திறக்காமல் பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே உண்டான 6 மில்லிமீட்டர் ஆழப் பைக்குள் சுத்தம் செய்யும்போது எந்த லூப்பும் அடிவரை காட்டாது. அங்கே விரல் நுனியின் உணர்வுதான் வழிகாட்டி. பைக்குள்ளேயே நுழையும் மெல்லிய ஒளியிழை எண்டோஸ்கோப், 24 முதல் 48 மடங்குவரை பெரிதாக்கித் திரையில் காட்டும். அதனால் மிஞ்சும் பற்காரை குறைகிறது. நேரமோ கூடுதலாகப் பிடிக்கிறது. பையின் ஆழம் குறைவதில் அது பெரிய நன்மை தருகிறதென்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை.

ஜூன் 21

ஈறு இறங்கி வேர் வெளிப்பட்ட கோரைப்பல்லின் வேரை ஈற்றால் மூடும் அறுவை சிகிச்சை. இன்று அறுவை நுண்ணோக்கியின் கீழ். தையல் நூலின் அளவு 7-0, அதன் விட்டம் 0.07 மில்லிமீட்டருக்கும் குறைவு. 10 மடங்கில் கையின் இயல்பான நடுக்கமும் பெரிதாகத் தெரிவதால், மணிக்கட்டையும் முழங்கையையும் தாங்கிக்கொண்டு விரல்களை மட்டுமே அசைக்க வேண்டியிருந்தது. 2005இல் புர்க்ஹார்ட்டும் லாங்கும் ஒவ்வொரு நோயாளியின் இருபுறக் கோரைப்பற்களையும் ஒப்பிட்டபோது, இப்படி நுண்ணோக்கியின் கீழ் நுண்ணறுவை செய்த பக்கத்தில் ஓராண்டுக்குப் பின்னும் வேரின் சுமார் 98 சதவீதமும், வழக்கமான முறையில் செய்த மறுபக்கத்தில் சுமார் 90 சதவீதமும் மூடியிருந்தன. புதிய ரத்த ஓட்டமும் நுண்ணறுவைப் பக்கத்தில்தான் விரைவாகத் திரும்பியது. திசு கசங்காமல் விளிம்போடு விளிம்பு பொருந்துவதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

ஜூன் 26

வேர்ப்பிரிவு நோயாளி மறுபரிசோதனைக்கு வந்தார். ஈறு ஒட்ட அவகாசம் தேவை என்பதால் பையின் ஆழத்தை இன்று அளக்கவில்லை. நுண்ணோக்கியின் கேமரா வழியாக அவருடைய பல்லைத் திரையில் காட்டி, காயம் முழுதும் ஆறியபின் இடைப்பல் பிரஷ் எந்தப் பக்கமிருந்து நுழைய வேண்டும் என்பதை விளக்கினேன். கண்ணாடியை வாங்கித் தாமே ஒருமுறை செய்துகாட்டினார். அளவீடு செப்டம்பரில்.