மணற்காட்டில் பழகிப் பனிமலையில் ஏறிய கதை

யாழ்ப்பாணத்தில் மலை என்றால் எங்களுக்குக் கீரிமலைதான். அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை, கேணியில் இறங்கிக் குளிக்கலாம். ஆகவே நியூசிலாந்தில் இருக்கும் அத்தான், "தம்பி, ஜூனில் வா, தார் வேட்டைக்குப் போவோம்" என்று அழைத்தபோது, பயிற்சிக்கு மணற்காட்டு மணற்குன்றுகளைத்தான் நம்பினேன். முதுகுப் பையில் 15 கிலோ அரிசியோடு மாலைதோறும் ஏறி இறங்கினேன். சவுக்கந்தோப்பில் விறகு பொறுக்கிய ஆச்சி ஒருவர் பையில் என்ன என்று கேட்டார். அரிசி என்றேன். "கடை அந்தப் பக்கம் இல்லையே" என்றார்.

தார் என்பது இமயமலைக் காட்டாடு. நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. 1904இல் வேட்டைக்கென்றே நியூசிலாந்தின் மவுண்ட் குக் பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அதை அடித்துத் தின்ன அங்கே சிறுத்தையோ ஓநாயோ இல்லை. பெருகி, மலைச்செடிகளை மொட்டையடித்தது. இன்று அதைச் சுடுவதை அரசே வரவேற்கிறது. குளிர்காலத்தில் கிடாய்களுக்குக் கழுத்திலும் தோளிலும் வைக்கோல் நிறத்தில் பிடரி வளர்ந்து தொங்கும். ஜூன் அங்கே குளிர்காலம், பயணம் அதற்காகத்தான்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரி வழியாகப் போய், ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு தகரக் குடிலில் தங்கினோம். அன்றிரவு முழுவதும் துவக்குப் பேச்சு. அத்தானின் நண்பர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வேகமும் வலுவும் கூடிய தோட்டாவின் கட்சி. தூரத்தில் அதற்கு நிகரில்லை என்பது அவர் வாதம். அத்தானின் துவக்குக்கு .308 தோட்டா, அதைவிட வேகம் குறைந்த, 1952இல் வந்த பழைய ரகம். "300 மீட்டருக்குள் நெருங்கத் தெரிந்தவனுக்கு இது போதும்" என்றார். எனக்கு அத்தான் சொன்னதே சரியாகப்பட்டது. மலைக்கு இலேசான துவக்குத்தான் வேண்டும். ஆனால் இலேசான துவக்கில் மேக்னம் தோட்டாவைப் போட்டால் தோளில் கழுதைபோல் உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிடுவான். பிறகு எத்தனை வேகமான தோட்டாவாக இருந்து என்ன?

பேச்சுக்கிடையே அத்தான், தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து, உள்ளே காலி என்று காட்டி, துவக்கை என்னிடம் நீட்டினார். என் பார்வை தானாகத் தரைக்குப் போய்விட்டது. சோதனைச் சாவடி வரிசைகளில் பழகிய பழக்கம். துவக்கைக் கண்டால் காலடியைப் பார். அத்தானும் அதே வரிசைகளில் நின்றவர்தான். ஒன்றும் கேட்காமல் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, தூரமானியை என் கையில் தந்தார்.

மறுநாள் நான்கு மணி நேர ஏற்றம். மணற்காட்டு மணலில் கால் புதையும், அவ்வளவுதான். இங்கே உடைகல் சரிவில் இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்குகிறது. மூச்சு வாங்கி நின்ற இடத்தில்தான் கிடாய் கண்ணில் பட்டது. தூரமானியில் பார்த்து 300 மீட்டர், மேல்நோக்கி 30 பாகை என்று சொன்னேன். "அப்படியானால் 260" என்றார் அத்தான். சாய்வில் சுடும்போது தோட்டா விழும் அளவு, சரிவு வழியாக அல்லாமல் மட்டமாக அளக்கும் கிடைத்தூரத்தைப் பொறுத்தது. 300 என்று வைத்துச் சுட்டால் குறிக்கு மேலே போகும். கீழ்நோக்கிச் சுட்டாலும் இதே கணக்குத்தான்.

கணக்கு முடிந்தும் அவர் சுடவில்லை. கிடாய் பாறை விளிம்பில் நின்றது. அங்கே விழுந்தால் பள்ளத்தில் உருண்டு, எடுக்கவே முடியாமல் போய்விடும். இருபது நிமிடம் காத்திருந்தோம். விரல்கள் மரத்துப்போயின. அது புல்மேட்டுக்கு நகர்ந்ததும் ஒரே வெடி.

இறக்கத்தில் தொடையிறைச்சி என் பையில். அரிசியைவிடப் பாரம். குடிலில் அக்கா கொடுத்தனுப்பிய யாழ்ப்பாணத் தூளைப் போட்டு அடுப்பில் ஏற்றினோம். முற்றிய கிடாய், மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. பசி பொறுக்காமல் குழம்பைப் பாணில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.