நூல் சீட்டு: மண்டபத்துல எங்க பின்னல் குழு இதுவரைக்கும்

"இம்புட்டு வெயில் அடிக்கிற ஊர்ல எதுக்குத்தா ஸ்வெட்டர்?" நிட்டிங் ஊசியக் கையில பாத்ததும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான். நாங்க இதுவரைக்கும் ஒரு ஸ்வெட்டர் கூட பின்னல, கம்பளி பக்கமே போகல, எல்லாமே பருத்தி நூல்தான். ஒத்தைக் கொக்கி ஊசியில போடுற குரோஷாவும் உண்டு, ரெண்டு ஊசியில போடுற நிட்டிங்கும் உண்டு, யாருக்கு எது வருதோ அது. மண்டபத்துல எங்க மைனி வீட்டு முன்வராந்தாவுல கூடுறோம், பாலம் தாண்டி தங்கச்சிமடத்துல இருந்து ரெண்டு மூணு பேரு பஸ்ஸுல வருவாங்க, பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் இருந்தும் லாத்தாமாருங்க, அதான் முஸ்லிம் அக்காமாருங்க, வருவாங்க, மொத்தமாப் பாத்தா ஒரு பதினஞ்சு பேரு தேறும். எப்படி நடத்துறோம், எது ஒத்து வந்துச்சு, எது வரலன்னு எழுதி வைக்கலாம்னுதான் இது.

முதல்ல வகுப்பு மாதிரிதான் ஓடுச்சு. டீச்சரக்கா சொல்லிக்குடுப்பாங்க, நாங்க எல்லாம் போட்டுப் பழகுவோம். அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம், அங்க 1820கள்லயே மார்த்தா மால்ட்டுன்னு ஒரு மிஷனரி அம்மா பொம்பளப்புள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கத்துக்குடுத்தாங்க, அதனால அந்தப் பக்கத்துப் பொம்பளைகளுக்கு நூல் வேலை ரத்தத்துலயே இருக்குன்னு அடிக்கடி சொல்லிக்கும். இங்க வந்தவங்கள்ல பாதிப் பேரு ஒயர் கூடை போட்டுப் பழகுன கை, சிவன் கண் கூடையெல்லாம் பேசிக்கிட்டே போடுவாங்க, அதனால எண்ணிப் போடுறது யாருக்கும் புதுசு இல்ல. ஆனாலும் ஆளு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. காரணம் வேற எதுவும் இல்ல, நூல்தான். ராமநாதபுரம் கடைவீதியில கெடைக்கிறது பெரும்பாலும் ஸ்கூல் கிராஃப்டுக்கு வாங்குற அக்ரிலிக் உருண்டை, அதத் தொட்டாலே நம்ம ஊரு வேர்வையில கை பிசுபிசுன்னு ஆயிரும். பருத்தி உருண்டை எப்பவாச்சும் வரும், ஒண்ணு வாங்கி பாதிப் பை போட்டுட்டு ரெண்டாவது வாங்கப் போனா அதே நம்பர் கலர்தான், ஆனா வேற சாயத்தொட்டி, வெளிச்சத்துல வச்சுப் பாத்தா கோடு போட்ட மாதிரி தெரியும். பாதியில நிக்கிற பையத் தூக்கிக்கிட்டு யாரு வருவா, வீட்டுலயே மூட்டை கட்டி வச்சுருவாங்க.

அப்பறம் மைனி ஒரு யோசனை சொன்னுச்சு, பாத்திரச் சீட்டு போடுறோம் நகைச் சீட்டு போடுறோம், நூலுக்கு ஒரு சீட்டு போட்டா என்னன்னு. அதுதான் இந்தக் குழுவ நிக்க வச்சுச்சு, பாடம் இல்ல, சீட்டுதான், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆளுக்கு மாசம் 200 ரூபா. மொத்தப் பணத்துக்கும் திருப்பூர்ல இருந்து ஒரே கலர்ல ஒரே சாயத்தொட்டியில நூல் கோன் வாங்குறது, எல்லாரும் சமமாப் பங்கு வச்சுக்கிறது. குலுக்குல யாரு பேரு வருதோ அவங்களுக்கு அந்த மாசம் கலரச் சொல்ற உரிமை, அம்புட்டுதான், தள்ளுக் கிள்ளுலாம் ஒண்ணும் கெடையாது. ஒரு தடவ லாத்தா ஒருத்தவங்க மாம்பழ மஞ்சள் சொல்லிட்டாங்க, தெருவுல யாரு வீட்டுக்குப் போனாலும் மஞ்சப் பை, மஞ்சக் கைப்பிடித் துணி, மஞ்சத் தொப்பி, பாக்குறவங்க ஏதோ கட்சின்னு நெனச்சுக்கிட்டாங்க.

ஏன் கோன், ஏன் மொத்தமா வாங்கணும்னா அதுக்குக் கணக்கு இருக்கு. நாங்க வாங்குறது 20ஆம் நம்பர் பருத்தி நூல். அதுல ஒத்தை இழை 1 கிலோவுக்கு கிட்டத்தட்ட 33,800 மீட்டர் வரும், தையல் நூல் மாதிரி மெலிசு, அத அப்படியே வச்சு ஒண்ணும் பின்ன முடியாது. எட்டு இழையச் சேத்துப் புடிச்சா 100 கிராமுக்கு ஒரு 420 மீட்டர், கடையில ஃபோர் ப்ளைன்னு விக்கிற மெல்லிசு நூலோட தடிமன் வந்துரும். பதினாறு இழைன்னா பைக்குத் தோதான தடிமன். இப்ப எட்டு இழை சேக்கணும்னா எட்டு கோன் வரிசையா நிக்கணும், ஒரே கோன வாங்கிட்டு எட்டு உருண்டையா சுத்தப் பொழுது யாருக்கு இருக்கு, தனியாளா எட்டுக் கோன் வாங்கப் பணம் யாருக்கு இருக்கு. பதினஞ்சு பேரு சேந்தா ரெண்டும் நடக்குது. மைனி வீட்டுப் படியில எட்டுக் கோனையும் நிறுத்தி, எட்டு நுனியையும் ஒரு வளையல் வழியா இழுத்து விட்டு, ஒருத்தி சுத்த ஒருத்தி தராசப் பாக்க, பங்கு பிரிக்கிற அன்னைக்குப் பின்னல் வேலையே நடக்காது, ஊர்க்கதைதான்.

சேத்துப் புடிச்ச நூலுல ஒரு கஷ்டம், முறுக்கு இல்லாததால ஊசி நடுவுல பொளந்துக்கிட்டுப் போயிரும், எட்டுல ஆறத்தான் எடுக்கும் ரெண்டு வெளிய தொங்கும். இதுக்கு வழி சொன்னது பக்கத்து வீட்டு வலைக்காரப் பெரியப்பா. அவரு விசைப்படகு ஆளு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல கரையிலதான் இருப்பாரு, வேப்பமரத்தடியில வலையப் பொத்துக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒத்தை இழை எந்தப் பக்கம் முறுக்கியிருக்கோ அதுக்கு நேர் எதிர்ப் பக்கம் எல்லா இழையையும் சேத்து முறுக்கு, அப்பத்தான் ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கிட்டுப் பிரியாம நிக்கும், கயிறு திரிக்கிறதே அப்படித்தானன்னாரு. ஒரு நுனிய மரத்துல கட்டி, மறு நுனிய ட்ரில்லிங் மெஷின்ல கொக்கி மாட்டி முறுக்கிப் பாத்தோம், நல்லாவே வந்துச்சு, ஆனா தெரு நீளத்துக்கு மேல ஒரு தடவையில முறுக்க முடியாது, நீளமும் கொஞ்சம் சுருங்கிரும், அதனால பையோட காதுக்கு மட்டும் அப்படிப் பண்றோம், மத்ததுக்குக் கொக்கி முனை மழுங்கலா இருக்குற ஊசி போதும்.

அவருதான் ஒரு நா நான் நிட்டிங் போட்டுக்கிட்டு இருந்தத வாங்கிப் பாத்துட்டு, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "என்னத்தா இது, ஒரு முடிச்சு கூட இல்லயே, ஒரு நூல இழுத்தா மொத்தமும் போயிருமே"ன்னாரு. உண்மைதான். வலையில ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு, அதனால ஒரு எடத்துல மீனு கிழிச்சாலும் கிழிசல் அங்கனயே நிக்கும், அடுத்த கண்ணிக்குப் போகாது. நிட்டிங்ல முடிச்சே கெடையாது, வளையத்துக்குள்ள வளையம், ஒண்ணு ஊசிய விட்டு நழுவுனா ஏணி மாதிரி கீழ வரைக்கும் எறங்கிரும். ஆனா அந்த முடிச்சு இல்லாததுனாலதான் அது இழுத்தா விரியும் விட்டா சுருங்கும். நான் அவரு போட்டிருந்த பனியனக் காட்டுனேன், தோள்பட்டைக்கிட்ட ஒரு ஓட்டை, அதுல இருந்து நேரா கீழ ஒரு கோடு எறங்கியிருந்துச்சு. கிட்டப் போயிப் பாத்தா குட்டிக் குட்டியா வி வி வின்னு வரிசை, மெஷின்ல போட்டது அம்புட்டுதான், நான் கையில போடுற அதே பின்னல். மனுஷன் பனியன இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டே, "அப்ப நானும் இதத்தான் இத்தன வருசமா போட்டுக்கிட்டு இருக்கேனா"ன்னு சிரிச்சாரு. மறுநா ஒரு துண்டு தங்கூசி, அதான் நைலான் நரம்பு, கொண்டாந்து குடுத்து, இத நாலு வரிசைக்கு ஒருக்கா எல்லா வளையத்துக்குள்ளயும் கோத்து விடு, நழுவுனா இதுக்குக் கீழ எறங்காதுன்னாரு. வெளிநாட்டுப் பின்னல்காரங்க லைஃப்லைன்னு இதையேதான் பண்றாங்க, அவருக்கு யாரும் சொல்லல. தங்கூசி வழவழன்னு இருக்குறதால நூலோட சிக்காம சுலபமா உருவவும் வருது, இப்ப எல்லார் பையிலயும் ஒரு துண்டு இருக்கு.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் மீனவங்களும் பின்னுன சட்டைதான் போட்டாங்க, கான்சின்னு பேரு, அஞ்சு இழைக் கம்பளியில நெருக்கமா, தையலே இல்லாம உருளையாப் போடுறது, ஸ்காட்லாந்துல இருந்து மீனு வெட்டப் படகு பின்னாடியே துறைமுகம் துறைமுகமாப் போன பொண்ணுங்க நடந்துக்கிட்டே பின்னுவாங்க. எங்க பாசி எடுக்கப் போற அக்காமாருகிட்ட இதச் சொன்னேன், "நாங்க கழுத்தளவு தண்ணியில நிக்கிறோம், ஊசிய எங்க வைக்கிறது"ன்னு கேட்டாங்க. பதிலு இல்ல எங்கிட்ட.

எந்த நாள் கூடுறதுங்கிறதுக்குத்தான் பெரிய பஞ்சாயத்து. வெள்ளி ஜும்மா, ஞாயிறு கோயில், செவ்வாய்க்கெழம எங்க மைனிக்கு விரதம். பாக் நீரிணைப் பக்கம் கடலுக்குப் போக வாரத்துல விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள்னு பழைய ஏற்பாடு வேற, படகு கரைக்கு வர்ற அன்னைக்கு மீனு பிரிக்கிற வேலை இருக்குறவங்க வரவே முடியாது. கடைசியா வியாழக்கெழம மத்தியானம் மூணு மணி, புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும். நோன்பு மாசத்துல மட்டும் காலையிலயே கூடிக்கிறோம், டீ கெடையாது, லாத்தாமாருங்க நாங்க பாட்டுக்கு இருக்கோம் நீங்க குடிங்கன்னுதான் சொன்னாங்க, டீச்சரக்கா ஒத்துக்கல.

தொப்பிதான் எங்களுக்கு நல்லா ஓடுற சாமான். தொழுகைத் தொப்பி, வெள்ளை மெல்லிசு நூல், 1.25 மில்லி குரோஷா ஊசி. பாக்க லேசு, கணக்கு தப்புனா கிண்ணமாயிரும் இல்லன்னா பாவாடை மாதிரி சுருக்கு விழும். உயரமான பின்னலான டபுள் குரோஷேல முதல் சுத்துல 12 பின்னல் போட்டு ஒவ்வொரு சுத்துக்கும் 12 கூட்டிக்கிட்டே போனா வட்டம் தட்டையா படுக்கும், குட்டையான சிங்கிள்னா 6. எப்ப கூட்டுறத நிப்பாட்டணும்ங்கிறதுதான் விஷயம். தலை சுத்தளவ 3.14ஆல வகுத்தா வட்டத்தோட குறுக்களவு, 56 செமீ தலைக்கு 18 செமீ வட்டம், அதுக்கு மேல கூட்டாம நேரா சுவர் எழுப்பணும். பருத்தி தலையில இருந்து இருந்து தளரும், அதனால நாங்க அரை செமீ கம்மியா நிப்பாட்டுறோம். எட்டாவதோட படிப்ப நிறுத்துன ஒரு தங்கச்சி இந்த வகுத்தல மனசுலயே போட்டுச் சொல்லும், தலையப் பாத்தாலே சுத்தளவு சொல்லும்.

பை விஷயத்துல ஒரு கடைக்காரரு மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு ஒரு பைக்கு அவரு சொன்ன வெல நூல் காசுக்கே காணாது. மெஷின் பை அந்த வெலைக்கு வருதாம், வரட்டும். வேணாம்னுட்டோம், இதுல குழுவுக்குள்ளயே ரெண்டு கட்சி ஆச்சு, வர்ற காச ஏன் விடணும்னு ஒரு பக்கம், இப்பக் கொறச்சா அப்பறம் ஏத்தவே முடியாதுன்னு ஒரு பக்கம். நான் ரெண்டாவது கட்சி, இன்னைக்கும்.

இங்க இருக்குற சில தொல்லைகள புஸ்தகத்துல யாரும் எழுத மாட்டாங்க. உப்புக்காத்துல இரும்பு ஊசி ஒரே மழைக்காலத்துல துருப்புடிச்சிரும், அலுமினியம் வேர்வையோட சேந்து வெள்ளை நூல்ல சாம்பல் கறை விடும், மூங்கில் வாடைக்காத்து காலத்துல ஈரம் ஊறி நூல் நகரவே நகராது. பிளாஸ்டிக்தான் சரி. கடையில 8ஆம் நம்பர்னு குடுக்குறது பழைய பிரிட்டிஷ் நம்பர், 4 மில்லி, அதுல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், அமெரிக்க நம்பர்ல அப்படியே தலைகீழ், அதனால நாங்க மில்லி கணக்கு மட்டும்தான் பேசுறது. அடுத்தது தண்ணி. போர் தண்ணியில அலசுனா சோப்பு நொரைக்காது, நூல் அட்டை மாதிரி வெறச்சுப் போயிரும். பின்னுறதுக்கு முன்னாடி மாதிரித் துண்டு ஒண்ணு போட்டு, அலசிக் காயவச்சு, 10 செமீக்கு எத்தன வளையம்னு எண்ணணும், பருத்தி சுருங்கும்ல, அந்த அலசலுக்காச்சும் காவிரித் தண்ணி வேணும். குடத்துத் தண்ணிய நூலுக்கு ஊத்துறியான்னு வீட்டுல திட்டு விழத்தான் செய்யுது. இப்ப ஆளுக்கு ஒரு சொம்புன்னு கொண்டாந்து ஒரே வாளியில எல்லார் துண்டையும் அலசிருறோம், செவப்பு மட்டும் தனி வாளி, எத்தன அலசு அலசுனாலும் சாயம் விட்டுக்கிட்டே இருக்கும்.

இங்கிலாந்துல 1978ல ஆரம்பிச்ச நிட்டிங் அண்ட் குரோஷே கில்டுன்னு ஒரு சங்கம் இன்னமும் இருக்கு, அமெரிக்கச் சங்கத்துல மூணு படி வச்சு, மாதிரித் துண்டு போட்டு அனுப்பி மதிப்பெண் வாங்கித்தான் மேல போகணும். நம்ம பக்கமும் சும்மா இல்ல, 2016ல சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர்ல குரோஷே போர்வை போட்டு கின்னஸ்ல ஏறுனாங்க, ஊரூரா இருந்து பொம்பளைங்க சதுரம் சதுரமா போட்டு அனுப்புனதச் சேத்ததுதான் அது. டீச்சரக்காவுக்கு அந்த அமெரிக்கச் சங்கத்தப் பாத்து நம்மளும் மூணு படி வைக்கணும்னு ஆசை, கைப்பிடித் துணி, தொப்பி, கடைசியா காலுறைன்னு வச்சுருக்கு. காலுறை யாரும் தொடல. இந்த ஊர்ல காலுறை போடுறது யூனிஃபார்ம் புள்ளைங்க மட்டும்தான், அதுகளுக்கு வெள்ளைதான் வேணும், மூணாவது படிய மாத்தச் சொல்லி நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். மீன் கூடைக்கு அடியில தலையில வைக்கிற சும்மாடு ஒண்ணு தடிமனாப் பின்னணும்னு தங்கச்சிமடத்து அக்கா சொல்றாங்க, அதுதான் எனக்கும் சரின்னு படுது. வட்டம், ரெண்டு அடுக்கு, நடுவுல குழி, தட்டையா நிக்கவும் வேணும் அமுங்கவும் வேணும், தொப்பிய விட நூறு மடங்கு கஷ்டம்.

இந்த மாசக் குலுக்குல அந்த அக்கா பேருதான் வந்துச்சு. கருநீலம் சொல்லியிருக்காங்க, அழுக்குத் தெரியாதாம். திருப்பூருக்கு சொல்லியாச்சு, கோன் வந்து எறங்குனதும் முதல் சும்மாட பதினாறு இழையில போட்டு, கூடைய வச்சு, எத்தன கிலோவுக்கு அமுங்குதுன்னு பாத்துட்டு எழுதுறேன்.